எண்ணெய்ச் சட்டியும் ஏரி மதகும்

கணக்குப் போட ஒரு வீடு வேண்டும். அதைக் காட்டுப்பாக்கத்தில் நாமே கட்டிக்கொள்வோம். பூந்தமல்லியிலிருந்து போரூர் போகும் சாலையில், மெட்ரோ தூண்களைத் தாண்டி உள்ளே திரும்பினால் மூன்றாவது தெரு, மாடிப் போர்ஷன். கணவர், மனைவி, கணவரின் அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் மகள் என்று நான்கு பேர். கணவருக்கு 46 வயது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கற்பனை மனிதர் என்பதால் பெயர் வைக்கவில்லை. நமக்குத் தேவை அவருடைய நான்கு எண்கள்.

கம்பெனியில் நடந்த உடல் பரிசோதனைத் தாள் இப்படிச் சொல்கிறது: மொத்தக் கொலஸ்ட்ரால் 238, 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 200, எல்டிஎல் 160. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு இது. முதல் மூன்றையும் லேப் அளக்கிறது. நான்காவதைப் பல இடங்களில் கழித்துத்தான் எழுதுகிறார்கள். மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிச்சம் எல்டிஎல். 238இல் 38 போனால் 200. அதில் 40 போனால் 160. 1972இல் ஃப்ரீடுவால்டும் அவருடைய சகாக்களும் தந்த சூத்திரம் இது. ரத்தக் குழாயின் சுவரில் படிந்து அடைப்புக்கு வழிசெய்வது எல்டிஎல் என்பதால், இந்த அத்தியாயம் முழுவதும் அந்த 160ஐத்தான் துரத்தப் போகிறோம்.

தாள் வீட்டுக்கு வந்த அன்றே பரிகாரங்களும் வந்துவிட்டன. "வெறும் வயித்துல ரெண்டு பல்லு பூண்டு முழுங்கச் சொல்லும்மா, மூணே மாசத்துல கரைஞ்சிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா மனைவியிடம் சொல்கிறார். அம்மா அன்றிரவே ஒரு ஸ்பூன் வெந்தயத்தை ஊறப்போடுகிறார். தொழிற்பேட்டை நண்பர் கொள்ளு ரசத்துக்குச் சிபாரிசு செய்கிறார். காலையில் பூண்டு, வெந்தயத் தண்ணீர், மதியம் கொள்ளு ரசம். மாலை ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் டீக்கடை வடை, வழக்கம்போல் இரண்டு.

இவற்றில் எது அந்த 160ஐ எவ்வளவு இறக்கும்? கிலோ என்ன விலை என்று கேட்காமல் காய்கறி வாங்காத நாம், மருந்து என்று சொல்லிச் சாப்பிடும் பொருளிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

வரத்தும் வெளியேற்றமும்

காட்டுப்பாக்கத்துக்காரர்களுக்கு நீர்மட்டத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. 24 அடி முழு உயரம். மழைக்காலத்துச் செய்திகளில் மட்டத்தோடு இன்னும் இரண்டு எண்கள் வரும்: வரத்து எவ்வளவு கனஅடி, வெளியேற்றம் எவ்வளவு கனஅடி. மட்டம் ஏறுவதும் இறங்குவதும் அந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி.

நம் ரத்தத்தை அந்த ஏரியாக வைத்துக்கொள்வோம். எல்டிஎல் அதன் நீர்மட்டம். சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ரால் மேலே விழும் மழை. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 185 மில்லிகிராம் இருக்கிறது. உடல் தானே தயாரிப்பதோ நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்கு. செல்களின் சவ்வு, சில ஹார்மோன்கள், வைட்டமின் டி, பித்தநீர் எல்லாவற்றுக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும் என்பதால் உடல் அதை வெளியிலிருந்து வரும் வரை காத்திருப்பதில்லை. ஆகவே பெரும்பாலோருக்கு முட்டை தூறல்தான். ஏரியை நிரப்புவது உள்ளிருந்து வரும் ஓடை.

இனி மதகுகள். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உள்ளன. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இருவர் 1970களில் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் காட்டிய முக்கியமான செய்தி இது: மதகுகளின் எண்ணிக்கை நிலையானதல்ல. கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால் அது மதகுகளைக் குறைத்துக்கொள்ளும். உள்ளே பற்றாக்குறை வந்தால் கூடுதலாக மதகுகளைச் செய்து, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கும்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும். நெய், பாமாயில், தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு மதகுகளைக் குறைக்கிறது. பருப்பு வகைகளிலும் ஓட்ஸிலும் உள்ள கரையும் நார்ச்சத்து மதகுகளைக் கூட்டுகிறது. ஸ்டாட்டின் மாத்திரையும் அதையே செய்கிறது. கல்லீரலின் சொந்தத் தயாரிப்பை முடக்கி, பற்றாக்குறையை உண்டாக்கி, மதகைத் திறக்க வைக்கிறது. ஒரு பொருள் எல்டிஎல்லைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது மதகை என்ன செய்கிறது என்பதுதான்.

பூண்டும் குங்கிலியமும்

பூண்டிலிருந்து தொடங்குவோம். 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எல்டிஎல் சற்றே கூடியிருந்த 192 பேரைப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பச்சைப் பூண்டு, சாண்ட்விச்சுக்குள் வைத்து. இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு விதமான பூண்டு மாத்திரைகள். நான்காவது பிரிவுக்கு ஒப்புக்கு வெறும் மாத்திரை. வாரத்துக்கு ஆறு நாள், ஆறு மாதம். முடிவில் நான்கு பிரிவுகளுக்கும் இடையில் எல்டிஎல்லில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 2022இல் கிளீவ்லேண்ட் கிளினிக் இன்னும் நேரடியாகவே மோதவிட்டது. மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், செஞ்சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவற்றின் மாத்திரைகள் ஒரு பக்கம். 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை மறுபக்கம். 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லை ஏறத்தாழ 38 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறும் வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி என்ற ஆய்வாளர், சுஸ்ருத சம்ஹிதையில் கொழுப்பு நோய்க்குச் சொல்லப்பட்ட குக்குலு என்ற பிசினை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதைக் குங்கிலிய வகை என்று நம் நாட்டு மருந்துக் கடைகளில் சொல்வார்கள். முயல்களின் கொலஸ்ட்ரால் குறைந்தது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதை மருந்தாக்கியது. 1980களின் பிற்பகுதியில் இந்தியச் சந்தைக்கு வந்தது. சத்தியவதி பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக உயர்ந்தார். 2003இல் ஃபிலடெல்ஃபியாவில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துச் சோதித்தபோது கதை திரும்பியது. மருந்து சாப்பிட்டவர்களின் எல்டிஎல் 4, 5 சதவீதம் ஏறியிருந்தது; சிலருக்குத் தோலில் தடிப்பு. பழைய நூலில் ஒரு குறிப்பு இருப்பது ஆராய்ச்சியைத் தொடங்க நல்ல காரணம். ஆராய்ச்சியை முடித்துக்கொள்ள அது காரணம் ஆகாது.

வெந்தயத்தின் வழக்கு வேறு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆர். டி. சர்மாவும் சகாக்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் சர்க்கரை நோயாளிகளின் எல்டிஎல் உண்மையாகவே இறங்கியது. ஆனால் அவர்கள் கொடுத்தது நாளொன்றுக்கு 100 கிராம், கொழுப்பு நீக்கிய பொடியாக, இரண்டு வேளை உணவில் பிசைந்து. நம் வீட்டு அம்மா ஊறப்போட்ட ஒரு டீஸ்பூன் 4 கிராம் இருந்தால் அதிகம். வெந்தயத்தில் வேலை செய்வது அதன் வழவழப்பான நார். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைத் தூர எறிந்தால் அந்த 4 கிராமும் போயிற்று. கொள்ளு ரசமும் அப்படியே. இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி கொள்ளைத்தான் சொன்னது, கொள்ளு வேகவைத்த தண்ணீரை அல்ல.

ஆகப் பரிகாரங்களின் கணக்கு: 160, 160ஆகவே நிற்கிறது.

டின்னுக்குள் என்ன இருக்கிறது

இனி சமையலறைக்குள் போவோம். நம் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய். ஒரு லிட்டர் ரேஷன் கடையில். தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில், குடும்ப அட்டைக்கு ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதி மூன்று லிட்டரும் கடையில் விலை பார்த்து வாங்கிய பாமாயில் பாக்கெட்தான். பாக்கெட்டின் மேல் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று இதயம் போட்டு அச்சிட்டிருக்கும். பொய் இல்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தேங்காய் எண்ணெயிலும் கிடையாது. கேட்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று.

நான்கு லிட்டர் என்றால் ஏறத்தாழ 3,640 கிராம். நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம். பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு 40 சதவீதத்துக்குக் குறையாது. ஆக 12 கிராம். அதே 30 கிராம் நல்லெண்ணெயாகவோ கடலை எண்ணெயாகவோ இருந்தால் 5 கிராம் அளவில் நிற்கும். வித்தியாசம் 7 கிராம், அதாவது 63 கலோரி. நாளுக்கு 2,100 கலோரி சாப்பிடுபவருக்கு இது 3 சதவீதம்.

இந்த 3 சதவீதம் எதற்கு என்றால், உலக சுகாதார நிறுவனத்துக்காக நெதர்லாந்தின் மென்சிங்க் என்பவர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு அளவுகோல் கொடுத்தார். மொத்தக் கலோரியில் ஒரு சதவீதத்தை நிறைவுற்ற கொழுப்பிலிருந்து நிறைவுறாத கொழுப்புக்கு மாற்றினால் எல்டிஎல் ஒன்றரை முதல் இரண்டு புள்ளி இறங்கும். மூன்று சதவீதத்துக்கு ஐந்தாறு புள்ளி. எண்ணெய் டின்னை மாற்றுவதன் விலை அதுதான்: 160 போய் 154. எண்ணெய்ச் செலவு கூடும்; நான்கு லிட்டரை மூன்றாக்கினால் பாதியளவாவது சரிக்கட்டலாம்.

காட்டுப்பாக்கத்தைச் சுற்றி இப்போது மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் வந்துவிட்டன. மணத்துக்காக வாங்கலாம். மரச்செக்கில் ஆட்டினாலும் இரும்புச் செக்கில் ஆட்டினாலும் கடலையின் கொழுப்பு கடலையின் கொழுப்புதான். நிறைவுற்ற பங்கு மாறுவதில்லை. தேங்காய் எண்ணெயை மரச்செக்கில் ஆட்டினால் அது இதயத்துக்கு நல்லது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதன் கொழுப்பில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நிறைவுற்றது. 2020இல் 16 சோதனைகளைத் தொகுத்தபோது, சூரியகாந்தி போன்ற மற்ற எண்ணெய்களை விடத் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாகப் பத்துப் புள்ளி ஏற்றியது தெரிந்தது. தலைக்குத் தாராளமாகத் தேய்க்கலாம்.

டீக்கடை வடை வீட்டு டின் கணக்கில் வராது. அதிலும் பெரும்பாலும் பாமாயில்தான். காலையில் ஊற்றியது மாலை வரை கொதிக்கும். திரும்பத் திரும்பக் கொதித்துக் கெட்ட எண்ணெயை அளக்க, மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018இல் விதி கொண்டுவந்தது. பேக்கரி பஃப்ஸிலும் வனஸ்பதியிலும் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீத வரம்பு. எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லையும் இறக்கும் கொழுப்பு அது ஒன்றுதான் என்பதால், இந்தச் சட்டம் பல லட்சம் பூண்டுப் பற்களுக்குச் சமம்.

ஆரஞ்சு பாக்கெட், நீல பாக்கெட்

அடுத்தது பால். நம் வீட்டில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட். 6 சதவீதக் கொழுப்பு. நீல பாக்கெட்டில் 3 சதவீதம். காலை, மாலைக் காபியும் ஒரு கிண்ணம் தயிருமாக அவர் 300 மில்லி எடுத்தால், ஆரஞ்சில் 18 கிராம் கொழுப்பு, நீலத்தில் 9. பால் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்றது. நிறம் மாறினால் ஆறு கிராம் மிச்சம். எல்டிஎல்லில் மூன்று புள்ளி. காபி நீர்த்திருக்கிறது என்று அம்மா முதல் வாரம் சொல்வார். மூன்றாவது வாரம் மறந்துவிடுவார்.

காபியைப் பற்றி இன்னொரு செய்தி. காபிக்கொட்டை எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, எல்டிஎல்லை ஏற்றுவது. காகித வடிகட்டி அதைப் பிடித்துவிடும். நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டர்களில் காகிதம் இல்லை. நாளுக்கு இரண்டு சிறு டம்ளருக்குக் கவலை வேண்டாம். ஐந்தாறு டம்ளர் டிகாக்ஷன் காபி குடிப்பவர் யோசிக்கலாம்.

தேங்காய்ச் சட்னி: ஒருவர் தட்டில் விழும் 30 கிராம் தேங்காயில் 9 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. வாரத்தில் நான்கு நாள் தேங்காய் என்பதை இரண்டாக்கி, மற்ற இரண்டு நாள் தக்காளி அல்லது கொத்தமல்லிச் சட்னி வைத்தால் இன்னும் ஒரு புள்ளி. இப்போது 150.

ஒரு கிண்ணம் சுண்டல்

இதுவரை மதகை மூடும் பொருளைக் குறைத்தோம். திறக்கும் பொருள் இன்னும் வரவில்லை.

கல்லீரல் தன் கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியைப் பித்த அமிலமாக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைச் செரிக்க உதவிவிட்டு, அதில் ஏறத்தாழ 95 சதவீதம் குடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. ஒரு நாளில் பல சுற்று. கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகி, பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. திரும்பி வராத பித்தத்துக்கு ஈடாகக் கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். உள்ளே பற்றாக்குறை; மதகு திறக்கிறது.

2014இல் 26 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், நாளுக்கு 130 கிராம் வேகவைத்த பருப்பு, பயறு, கடலை வகை சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தது. 130 கிராம் என்பது நவராத்திரியில் தொன்னையில் தரும் சுண்டல் அல்ல. ஒரு கிண்ணம் நிறைய. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஒரு கரண்டிச் சாம்பாரில் மிதக்கும் பருப்பு அதில் சிறு பங்குதான். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொள்ளு, எது வேண்டுமானாலும். மாலை வடைக்குப் பதிலாக இது இருந்தால் இரட்டை லாபம். ஏழு புள்ளி.

ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளூக்கான் என்ற நார் நாளுக்கு 3 கிராம் சேர்ந்தால் எல்டிஎல் 5 முதல் 7 சதவீதம் இறங்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இலேயே ஓட்ஸ் பெட்டியில் இதை அச்சிட அனுமதித்தது. 3 கிராமுக்கு 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். ஓட்ஸ் பிடிக்காதவருக்கு பார்லிக் கஞ்சி. அதுவும் பிடிக்காதவருக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி. உலகத்துக்கே குஜராத்திலிருந்து போகும் பொருள். நாளுக்கு 10 கிராம், நிறையத் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. எட்டு முதல் பத்துப் புள்ளி.

ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, 30 கிராம், இன்னும் நாலைந்து புள்ளி. அதற்கும் 170 கலோரிக்கு மேல் உண்டு என்பதால் எதையாவது எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தார். வழவழப்பான நார், சோயா, பாதாம், தாவர ஸ்டீரால் சேர்த்த மார்ஜரின். நாருக்காக அவர் பரிந்துரைத்த காய்கள் எவை தெரியுமா? வெண்டைக்காயும் கத்தரிக்காயும். 2003இல் 46 பேரை ஒரு மாதம் வைத்துப் பார்த்ததில் அந்த உணவு எல்டிஎல்லை 28.6 சதவீதம் இறக்கியது. 20 மில்லிகிராம் லோவாஸ்டாட்டின் 30.9 சதவீதம். மாத்திரைக்குச் சமமான சாப்பாடு என்று உலகம் எழுதியது. 2011இல் அதே உணவை, ஆலோசனை மட்டும் சொல்லி, மக்களைத் தங்கள் வீடுகளிலேயே ஆறு மாதம் சமைத்துச் சாப்பிட விட்டார். இறக்கம் 13, 14 சதவீதம். முதல் எண் உணவின் பலம். இரண்டாம் எண்ணில் கல்யாணச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை, அலுப்பு எல்லாம் அடக்கம். நாம் நம்ப வேண்டியது இரண்டாவதை.

சோற்றின் பங்கு

ஒரு பழைய புதிர் இங்கே குறுக்கிடுகிறது. 1967இல் எஸ். எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய ரயில்வே ஊழியர்களிடையே நிகழ்ந்த மரணங்களின் பதிவுகளை ஆராய்ந்து எழுதினார். நெய்யும் பாலுமாகச் சாப்பிட்ட வட இந்தியரை விட, விதை எண்ணெயில் சமைத்துச் சோறு சாப்பிட்ட தென்னிந்தியரிடம் மாரடைப்பு மரணம் ஏழு மடங்கு. நெய்க்கு வக்காலத்து வாங்குவோர் இன்றும் இதை எடுத்து வீசுவார்கள். மல்ஹோத்ரா மரணங்களை எண்ணினார். அந்த எண்ணிக்கை மட்டுமே காரணத்தைச் சொல்லிவிடாது. வடக்கையும் தெற்கையும் பிரிப்பது எண்ணெய் மட்டும் அல்ல. அவரே மென்று தின்னும் பழக்கம், தயிர், மோர் என்று காரணம் தேடினார். ஆனாலும் அந்த ஆய்வு நியாயமான ஒரு சந்தேகத்தை விட்டுச்சென்றது: தென்னிந்தியத் தட்டில் கொழுப்பைத் தவிர வேறு எதுவோ இருக்கிறது.

சென்னையில் 2001இல் தொடங்கிய க்யூர்ஸ் ஆய்வு பதிலின் ஒரு பகுதியைத் தந்தது. நகர மக்களின் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்து வந்தது. அதை அதிகம் சாப்பிட்டவர்களிடம் ட்ரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023இல் அதே படத்தைப் பெரிதாக்கிக் காட்டியது: எல்டிஎல் மிகுந்தவர்கள் ஐந்தில் ஒருவர், ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்கள் மூன்றில் ஒருவர், எச்டிஎல் குறைந்தவர்கள் மூன்றில் இருவர்.

நம் 46 வயதுக்காரரின் தாளைத் திரும்பப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு 200, எச்டிஎல் 38. அது எண்ணெய்ச் சட்டியின் கையெழுத்து அல்ல, சோற்றுப் பானையின் கையெழுத்து. நெய்யை நிறுத்திவிட்டு இன்னொரு கரண்டிச் சோறு போட்டுக்கொண்டால் இந்த இரண்டு எண்களும் கெடும். தட்டில் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலையும் பொரியலையும் வைப்பதும், போரூர் ஏரிப் பக்கமோ மொட்டை மாடியிலோ நாளுக்கு அரை மணி வேகமாக நடப்பதும், இடுப்பில் நான்கைந்து கிலோ குறைப்பதும் அவற்றுக்கான மருந்து.

கூட்டிக் கழித்தால்

எண்ணெயில் ஆறு, பாலில் மூன்று, தேங்காயில் ஒன்று, சுண்டலில் ஏழு, ஓட்ஸில் எட்டு, கடலையில் நான்கு. மொத்தம் 29. காகிதத்தில் 160 இறங்கி 131. ஜென்கின்ஸின் இரண்டாவது சோதனையை நினைவில் வைத்தால் 135 முதல் 140 என்று எதிர்பார்ப்பது நேர்மை. மூன்று மாதத்தில் இது நடந்துவிடும்; அதற்குள் நடக்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் காத்தாலும் நடக்காது.

பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேறொன்றின் இடத்தில் வந்து உட்கார்ந்த பொருள். வடை இருந்த இடத்தில் சுண்டல், ஆரஞ்சு இருந்த இடத்தில் நீலம். தட்டிலிருந்து எதையும் எடுக்காமல் மேலே ஒரு பூண்டுப் பல்லை வைத்தால் ஏரிக்கு அது தெரியவே தெரியாது.

மதகே பழுதானால்

கணக்கு தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 250 பேரில் ஒருவர் பிறவியிலேயே பாதி மதகு பழுதான மரபணுவோடு பிறக்கிறார். அவர்களின் எல்டிஎல் பெரும்பாலும் 190ஐத் தாண்டும். உடல் பருமனோ எண்ணெய்ப் பலகாரமோ அதற்குக் காரணமாக இருக்காது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இது வந்தால் குழந்தையின் மதகுகள் ஏறத்தாழ முழுவதுமே போய்விடும். முழங்கை, முழங்கால், விரல் மூட்டுகளில் மஞ்சள் கட்டிகள் தோன்றும், பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். இவர்களைச் சுண்டலோடு நிறுத்திவைப்பது குற்றம்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இலக்கு 70க்குக் கீழே, பலருக்கு 55க்குக் கீழே. சமையலறை தரும் 13 சதவீதம் அங்கே மாத்திரைக்குத் துணை நிற்கும். மாத்திரையின் இடத்தில் உட்காராது.

'ஆனால் அது கெமிக்கல்' என்று நம் வீட்டு அம்மா சொல்லக்கூடும். அவருக்கு ஒரு கதை. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும் பொருளைத் தேடினார். 1973இல் அது ஒரு நீலப் பூஞ்சையில் கிடைத்தது. கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்திருந்த பூஞ்சை அது. உலகின் முதல் ஸ்டாட்டின் அரிசியிலிருந்து வந்தது. இயற்கை வைத்தியம் என்று விற்கப்படும் செஞ்சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மோனகோலின் கே, லோவாஸ்டாட்டின் மாத்திரையில் உள்ள அதே மூலக்கூறு. மாத்திரையில் அளவு எழுதியிருக்கிறது. அரிசி டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறுகிறது.

உங்கள் வீட்டில் எல்டிஎல் 130க்கும் 190க்கும் நடுவில் இருந்து, சர்க்கரை, இதய நோய், புகை, இளம் வயது மாரடைப்புக் குடும்ப வரலாறு எதுவும் இல்லையென்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் சமையலறைக்குக் கொடுங்கள். எண்ணெய் டின்னில் தொடங்குங்கள், கிண்ணத்தை அளந்து வையுங்கள். பழைய தாளைப் பத்திரமாக வைத்திருந்து, அதே லேபில் மறுபடி பாருங்கள். எண் இறங்காவிட்டால் மாத்திரை பற்றிப் பேசுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர், எண் நன்றாக வந்துவிட்டது என்று தாமாக நிறுத்த வேண்டாம். அந்த எண் மாத்திரையோடு சேர்ந்து வந்த எண். பூண்டை ரசத்தில் தட்டிப் போடுங்கள். அதன் இடம் அதுதான்.